உஷார்! தாய்லாந்துக்குப் பணம் கட்டும் முன் எந்தக் கடல், எந்த மாதம் என்று பாருங்கள்

காலாண்டுத் தேர்வு நெருங்கும்போதே வாட்ஸ்அப் குழுக்களில் அந்த விளம்பரம் சுற்ற ஆரம்பித்துவிடும். புக்கெட் - கிராபி, 4 இரவு 5 நாள், விமான டிக்கெட்டோடு, ஃபீ ஃபீ தீவுச் சுற்றுலா இலவசம். படத்தில் கடல் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி மாதிரி கிடக்கும். வெள்ளை மணல், அதில் மூக்கில் வண்ணத்துணி கட்டிய நீளமான மரப்படகு. விலையைப் பார்த்தால் ஊட்டிக்குக் குடும்பத்தோடு போய்வரும் செலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

பணம் அனுப்பும் முன் ஒரு நிமிடம். அந்தப் படம் எடுத்தது பிப்ரவரியிலோ மார்ச்சிலோ இருக்கும். நீங்கள் போகப்போவது செப்டம்பர் கடைசியில். அப்போது அதே கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்துகொண்டிருக்கும். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பெரிதாக்கிப் படியுங்கள். தீவுச் சுற்றுலா வானிலையைப் பொறுத்தது என்று ஒரு வரி. கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்று இன்னொரு வரி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விலை ஏன் இவ்வளவு குறைந்தது என்பது தெரிந்துவிடும்.

இது ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. சீசன் இல்லாத காலத்தில் ஓட்டல்களும் விமானங்களும் விலையைக் குறைப்பது உலகம் முழுக்க நடப்பதுதான். பிரச்சினை என்னவென்றால், தாய்லாந்தின் மோசமான மாதங்களும் நம் பள்ளி விடுமுறைகளும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. நாம் விடுமுறை கிடைக்கும் தேதியை வைத்து நாட்டைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த நாட்டுக்கு அந்தத் தேதியில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

முதலில் வரைபடத்தைத் திறந்து தாய்லாந்தின் தெற்குப் பகுதியைப் பாருங்கள். மெல்லியதாக நீண்டு மலேசியா வரை இறங்கும் அந்த நிலத்துக்கு இரண்டு பக்கமும் கடல். மேற்கே அந்தமான் கடல். புக்கெட், கிராபி, ஃபீ ஃபீ, சிமிலான் எல்லாம் அந்தப் பக்கம். கிழக்கே தாய்லாந்து வளைகுடா; கோ சமூய், கோ பங்ஙான், கோ தாவ் மூன்றும் அங்கே. இரண்டு பக்கத்துக்கும் மழைக்காலம் வேறு வேறு. மேற்குக் கரைக்குத் தென்மேற்குப் பருவமழை, மே நடுவிலிருந்து அக்டோபர் வரை. சமூய் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை, அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை; நவம்பரில் கொட்டித் தீர்க்கும். நமக்கு இதைப் புரிந்துகொள்வது ரொம்பச் சுலபம். புக்கெட்டைக் கொச்சி என்றும் சமூயைச் சென்னை என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். கொச்சி நனையும்போது புக்கெட் நனையும், சென்னை நனையும்போது சமூய் நனையும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

இதில் ஒரு விதிவிலக்கு. கோ சாங் என்ற தீவு வளைகுடாவில்தான் இருக்கிறது, ஆனால் கம்போடிய எல்லை ஓரத்தில். அங்கே மே முதல் அக்டோபர் வரை பலத்த மழை. "வளைகுடாப் பக்கம்தானே சார், மழை இருக்காது" என்று ஜூலையில் யாராவது கோ சாங்கைத் தலையில் கட்டப் பார்த்தால் தலையாட்டிவிடாதீர்கள்.

மழைதானே, நனைந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மழை பிரச்சினை இல்லை. பெய்யும், நிற்கும், வெயில் அடிக்கும். பிரச்சினை கடல். தென்மேற்குப் பருவக்காற்று நேராகப் புக்கெட்டின் மேற்குக் கரையில்தான் வந்து மோதுகிறது. படோங், கரோன், காதா என்று நம்மவர்கள் தங்கும் கடற்கரைகள் எல்லாம் அந்தப் பக்கம் பார்த்தவைதான். அந்த மாதங்களில் கரையில் மோதிய தண்ணீர் ஒரே இடத்தில் ஒன்றுசேர்ந்து வேகமாகக் கடலுக்குள் திரும்ப ஓடும். மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். குழந்தையோடு இறங்க இதுதான் நல்ல இடம் என்று நாம் நினைப்போம். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரைக்கூட அந்த ஓட்டம் காலை வாரி இழுத்துக்கொண்டு போய்விடும். இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள்; தெம்பு தீர்ந்துதான் பலர் சாகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, ஓட்டத்தைவிட்டு வெளியே வந்தபின் கரைக்குத் திரும்பவேண்டும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. சிவப்புக் கொடி இருந்தால் கணுக்கால்கூட நனைக்காமல் இருப்பது. "நாங்க மெரினாவையே பார்த்தவங்க" என்ற வீரம் அங்கே வேண்டாம். மெரினாவிலும் அது உதவுவதில்லை.

படகு விஷயம் இன்னும் மோசம். 2018 ஜூலை 5 அன்று புக்கெட்டுக்கு அருகே ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புயல் காற்றில் கவிழ்ந்து மூழ்கியது. 47 பேர் இறந்தார்கள். எல்லாரும் சீனப் பயணிகள். கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. பணம் கட்டிய பயணிகள் காத்திருக்கிறார்கள், காலையில் வெயில் அடிக்கிறது, போய்விட்டு வந்துவிடலாம் என்று கிளம்பும் படகுகள் எந்த நாட்டிலும் இருக்கும். உங்கள் குடும்பம் அதில் உட்கார்ந்திருக்கவேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். தாய்லாந்து வானிலைத் துறை அலை உயரத்தை மீட்டர் கணக்கில் அறிவிக்கிறது. ஆங்கிலத்திலும் வரும். இரண்டு, மூன்று மீட்டர் என்று பார்த்தால் ஓட்டல் வரவேற்பறையில் இருப்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் ஸ்பீட் போட் ஏறாதீர்கள்.

பணம் கட்டியும் பார்க்க முடியாத இடங்களும் உண்டு. சிமிலான் தீவுகள் தேசியப் பூங்கா ஆண்டுதோறும் மே நடுவில் மூடப்பட்டு அக்டோபர் நடுவில்தான் திறக்கும். ஃபீ ஃபீ தீவுகளில் இருக்கும் மாயா பே, ஹாலிவுட் படம் ஒன்றால் உலகப் புகழ் பெற்ற அந்தச் சின்ன விரிகுடா, பவளப்பாறைகள் நாசமானதால் 2018-ல் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. இப்போதும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதம் பூட்டு. அந்த மாதங்களில் போகும் சுற்றுலாவின் விளம்பரத்தில் மாயா பே படம் இருந்தால், படத்தில் மட்டும்தான் பார்க்க முடியும்.

சரி, நம் விடுமுறைகளுக்கு வருவோம்.

ஏப்ரல். தமிழ்ப் புத்தாண்டு நாளில்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. சூரியன் மேஷத்துக்குள் நுழைவதை வைத்தே இரண்டும். அங்கே சோங்க்ரான் என்ற பெயரில் ஏப்ரல் 13 முதல் 15 வரை அரசு விடுமுறை. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்ட திருவிழா இது. தெருவெல்லாம் தண்ணீர்த் துப்பாக்கியும் வாளியும். பாங்காக்கில் சீலோம், காவோ சான் தெருக்கள், சியாங் மாயில் பழைய நகரைச் சுற்றிய அகழி என்று எங்கே பார்த்தாலும் ஆட்டம். இளைஞர்களாகச் சேர்ந்து இதற்காகவே போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள், இதைப் போன்ற கொண்டாட்டம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் எழுபது வயது அம்மாவையும் இரண்டு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, சேலையும் சட்டையும் நனையாமல் கோயில் பார்க்கலாம் என்று கிளம்பினால் அறைக்குள்தான் உட்கார்ந்திருப்பீர்கள். பாஸ்போர்ட்டும் போனும் தண்ணீர் புகாத உறைக்குள் இல்லாமல் வாசலைத் தாண்டமுடியாது.

தண்ணீரைத் துடைத்துக்கொள்ளலாம். சாலையைத்தான் சமாளிக்க முடியாது. பாங்காக்கில் வேலை செய்யும் மக்கள் லட்சக்கணக்கில் வடகிழக்கு மாவட்டங்களுக்கு, சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். நம் தீபாவளிக்கு முந்தைய இரவு சென்னை கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் என்ன நடக்குமோ அது அங்கே நான்கைந்து நாள் நடக்கும். ரயில், பஸ் எதிலும் இடம் இருக்காது. உள்நாட்டு விமானம் விலை எகிறும். தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளில் பாதி பூட்டிக் கிடக்கும், சமைப்பவர் ஊருக்குப் போயிருப்பார். பண்டிகையை ஒட்டிய ஏழு நாளை அந்த அரசே அபாய நாட்கள் என்று பெயர் வைத்துக் கண்காணிக்கிறது. அந்த ஒரு வாரத்தில் மட்டும் சாலை விபத்தில் 200 பேருக்கு மேல் இறப்பது வழக்கமாகிவிட்டது. குடித்துவிட்டு ஓட்டுவதும் அதிவேகமும் முக்கியக் காரணங்கள். விபத்துகளில் சிக்குபவற்றில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள். ஓடும் ஸ்கூட்டர் மேலும் தண்ணீர் வீசுவார்கள். அந்த வாரத்தில் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்காதீர்கள். மற்ற வாரங்களிலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இல்லாமல் எடுக்காதீர்கள். கீழே விழுந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும்.

அதே ஏப்ரலில் சியாங் மாய் போக நினைப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்குத் தாய்லாந்தில் புகைக்காலம். மக்காச்சோள வயல்களின் தாளை எரிக்கிறார்கள், காடு எரிகிறது, மியான்மரிலிருந்தும் லாவோஸிலிருந்தும் புகை வருகிறது. சியாங் மாய் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. வந்த புகை வெளியேற வழி இல்லாமல் தங்கிவிடுகிறது. நகரத்துக்கு மேற்கே தோய் சுதேப் மலை நிற்கிறது, உச்சிக்குக் கொஞ்சம் கீழே தங்க நிறக் கோயில். நல்ல மாதத்தில் நகரின் எந்தத் தெருவிலிருந்து நிமிர்ந்தாலும் தெரியும் மலை அது. மார்ச் கடைசியில் சில நாள் அந்த மலையே இருக்காது. சாம்பல் நிற வானம் மட்டும் இருக்கும். மேலே ஏறிப் போனாலும் கீழே நகரம் தெரியாது. 24 மணி நேர சராசரியில் பி.எம். 2.5 நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. புகை மோசமான நாட்களில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேலும் போய், உலகின் மிக மாசடைந்த நகரங்களின் பட்டியலில் சியாங் மாய் முதலிடத்தைப் பிடித்திருக்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த மாதங்களில் வடக்குப் பக்கமே தலை வைக்காதீர்கள். வெயிலும் சும்மா விடாது. 2023 ஏப்ரல் நடுவில் வடமேற்கே இருக்கும் தாக் என்ற இடத்தில் 45.4 டிகிரி செல்சியஸ் பதிவானது. வேலூர் வெயிலிலிருந்து தப்பிக்க அங்கே போவதில் அர்த்தமில்லை.

மே மாதம் விடுமுறை மிச்சம் இருக்கிறதா? அப்போது புக்கெட்டை விட்டுவிட்டு சமூய் பக்கம் திரும்புங்கள். மேற்குக் கரையில் மழை பிடிக்கும் நேரத்தில் சமூய், பங்ஙான், தாவ் தீவுகளில் கடல் ஓரளவு அடங்கி இருக்கும். மழை வந்தாலும் மாலையில் வந்து போய்விடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டும் அங்கே பரவாயில்லை. நம்மவர்கள் இதைச் செய்யாததற்கு முக்கியக் காரணம் சமூய் விமான டிக்கெட் விலை. அந்த விமான நிலையம் தனியாருடையது, விலை அதிகம். சூரத் தானி வரை விமானத்தில் போய், தோன்சாக் துறையிலிருந்து பெரிய ஃபெரியில் கடந்தால் செலவு குறையும், நேரம்தான் கூடும். ஏஜென்ட்டிடம் கேட்டால் "அது ரொம்பச் சுத்து சார், புக்கெட்டே போங்க" என்பார். அவர் கையில் இருக்கும் ஓட்டல் ஒப்பந்தம் புக்கெட்டில் இருக்கும்.

காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் வரும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம்தான் புக்கெட்டுக்கு வருடத்திலேயே மோசமான வாரங்கள். போதாக்குறைக்கு அக்டோபர் 1-ல் தொடங்கி சீனாவில் ஒரு வார தேசிய விடுமுறை. ஆக, அந்த ஒரு வாரம் மழையும் இருக்கும், மழைக்கால விலைக் குறைப்பும் பெரிதாக இருக்காது. பாங்காக்கும் அப்போது நன்றாக நனையும்; தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்கும். ஆனாலும் மழைக்கு ஒதுங்க மால்களும் மேல்மட்ட ரயிலும் இருப்பதால் பாங்காக் எந்த மாதமும் சமாளிக்கக்கூடிய ஊர்தான். அந்த விடுமுறையை விட மனமில்லாதவர்கள் கடலை மறந்துவிட்டு நகரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சைவக்காரர்களுக்கு மட்டும் இதில் ஒரு ஆறுதல். சீனச் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபரில், ஒன்பது நாள் புக்கெட் நகரத்தில் சைவத் திருவிழா நடக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகளில் மீன் சாறுகூட சேராத, வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். மற்ற நாட்களில் அந்த நாட்டில் சைவம் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அதே தெருவில் கன்னத்தில் வேலும் வாளும் குத்திய பக்தர்கள் ஊர்வலமும், காது கிழியப் பட்டாசும் உண்டு. ரத்தம் பார்த்தால் மயங்குபவர்கள் ஊர்வலம் போகும் நேரத்தைத் தெரிந்துகொண்டு ஒதுங்கிவிடுங்கள்.

தீபாவளியை ஒட்டி நவம்பரில் போகிறவர்கள் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். அன்றைய லோய் கிரதோங் திருவிழாவில் ஆற்றிலும் குளத்திலும் விளக்கு மிதக்கும். சியாங் மாயில் காகித விளக்குகளை வானத்தில் விடுவார்கள். அழகுதான். ஆனால் வானத்தில் விளக்கு பறந்தால் விமானம் பறக்க முடியாது. அந்த இரவுகளில் சியாங் மாய் விமானங்கள் ரத்தாவதும் நேரம் மாறுவதும் சகஜம். மறுநாள் காலை பாங்காக்கில் சென்னை விமானத்தைப் பிடிக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தால் அந்தக் கணக்கு கிழிந்துவிடும். நடுவில் ஒரு நாள் விட்டுவையுங்கள்.

நவம்பரிலும் டிசம்பரிலும் தெற்கின் கிழக்குப் பக்கத்தில் வெள்ளத்துக்கு உஷார். 2025 நவம்பர் 21 அன்று மலேசிய எல்லையை ஒட்டிய ஹாட்யாய் நகரத்தில் ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மலேசியாவிலிருந்து ஷாப்பிங் வந்த ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டல் மாடிகளில் சிக்கிக்கொண்டார்கள். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் "வாங்க, கார்லயே ஹாட்யாய் போய்ட்டு வந்துடலாம்" என்று அழைத்தால் மாதத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். அரையாண்டு விடுமுறையிலும் ஆபத்து விலகிவிடுவதில்லை. 2019 ஜனவரி 4-ல் பபுக் புயல் நகோன் சி தம்மராத்தில் கரை கடந்தது. புத்தாண்டுக்கு வந்த பயணிகள் சமூய், தாவ் தீவுகளிலிருந்து அவசரமாக வெளியேறினார்கள். ஃபெரி நின்றதும் வெளியேற முடியாமல் மாட்டியவர்களும் உண்டு. டிசம்பர் கடைசியில் கடல்தான் வேண்டும் என்றால் அந்தமான் பக்கம் போங்கள். கடல் நன்றாக இருக்கும். ஓட்டல் விலை செப்டம்பரைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும், அதற்கு ஒன்றும் செய்யமுடியாது.

என்னைக் கேட்டால் பொங்கல் விடுமுறைதான் நல்லது. ஜனவரி நடுவில் அந்தமான் கடல் அமைதி, வடக்கே குளிர், புத்தாண்டுக் கூட்டமும் வடிந்திருக்கும். பாங்காக் காற்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் புகைமூட்டம் தாங்காமல் அங்கே 350 பள்ளிகளுக்கு மேல் மூடினார்கள், ஒரு வாரம் பொதுப் போக்குவரத்தை இலவசமாக விட்டார்கள். சீனப் புத்தாண்டு எந்த வாரம் என்பதையும் பார்க்கவேண்டும். 2027-ல் அது பிப்ரவரி 6. அதை ஒட்டிய பத்து நாள் விலை ஏறும்.

ஏஜென்ட்டிடம் முன்பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் போகும் வாரத்தில் அந்தத் தீவு திறந்திருக்குமா? கடல் மோசமானால் தீவுச் சுற்றுலாப் பணம் திரும்புமா, அல்லது வேறு ஏதாவது தருவீர்களா? அந்த வாரத்தில் அங்கே என்ன பண்டிகை? மூன்றாவது கேள்விக்கு அவர் போனை நோண்ட ஆரம்பித்தால் வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள். போன வருடம் அதே வாரத்தில் அதே கடற்கரைக்குப் போனவர்கள் கூகுள் மேப்ஸில் போட்ட படங்களைத் தேதி பார்த்துத் திறந்து பாருங்கள். விளம்பரப் படம் மறைத்ததை அவை காட்டிவிடும்.

ஏற்கெனவே செப்டம்பருக்குப் புக்கெட் டிக்கெட் போட்டு, பணமும் திரும்பாது என்பவர்கள் போகாமல் இருக்கவேண்டியதில்லை. தீவுச் சுற்றுலாவை முன்கூட்டி வாங்காமல் அங்கே போய், அலை உயரம் பார்த்து, முந்தைய நாள் வாங்குங்கள். கடல் வேண்டாம் என்றால் புக்கெட் பழைய நகரத்தின் சீனப் பாணி கலந்த பழைய வீடுகளும் ஞாயிறு இரவுச் சந்தையும் இருக்கின்றன. எந்த மாதம் போனாலும் தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையை அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும். 2025 மே 1 முதல் இது கட்டாயம். அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம். தேடியதும் முதலில் வந்து நின்று டாலரில் கட்டணம் கேட்கும் தளங்கள் போலி, உடனே மூடிவிடுங்கள்.